மந்த காலத்தில் விளம்பரம்: பத்திரிகையா, பேஸ்புக்கா?

வியாபாரம் படுத்துவிட்டால் நமது முதலாளிமார் முதலில் கைவைப்பது எதில்? கடை வாடகையைக் குறைக்க முடியாது. மின்சாரக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. வேலைக்கு நிற்கும் பையனை நிறுத்த மனம் வராது. ஆகவே கத்தி விழுவது விளம்பரச் செலவில்தான். "சாமான் வாங்கவே ஆளில்லை, விளம்பரம் எதற்கு?" என்பது ஒரு சாராரின் கேள்வி. "பத்திரிகைக்கும் நோட்டீசுக்கும் கொட்டுவது வீண். பேஸ்புக்கில் போட்டால் போதும், அது சும்மாதானே" என்பது இன்னொரு சாராரின் வாதம்.

இரண்டிலும் பாதி உண்மை உண்டு. பாதி உண்மையை நம்பி வியாபாரம் செய்தால் முழு நட்டம் வரும். 2022 ஆம் ஆண்டு நமது நாடு பட்ட பாட்டை முன்னால் வைத்து, யாழ்ப்பாணத்துச் சிறு கடைக்காரர் ஒருவரின் கணக்கில் இந்தக் கேள்வியை நிறுத்துப் பார்ப்போம்.

விளம்பரத்தை நிறுத்துவதா?

1930களில் உலகத்தைப் பெரும் பொருளாதார மந்தம் பிடித்திருந்தது. அமெரிக்காவில் காலை உணவுத் தானியம் விற்பதில் போஸ்ட், கெலொக் என்ற இரண்டு கம்பனிகள் போட்டியில் இருந்தன. போஸ்ட் விளம்பரச் செலவைக் குறைத்தது. கெலொக் அதை இரட்டிப்பாக்கியது. அன்றைக்குப் புதிய ஊடகமாக இருந்த வானொலியில் துணிந்து இறங்கியது. 1933 ஆம் ஆண்டளவில் கெலொக்கின் இலாபம் ஏறக்குறைய 30 வீதம் கூடியிருந்தது. பிறகு போஸ்ட் அதை எட்டிப் பிடிக்கவேயில்லை.

வியாபாரப் புத்தகங்களில் அடிக்கடி வரும் இந்தக் கதையை நாம் கவனமாக எடுக்க வேண்டும். கெலொக் விற்றது காலைச் சாப்பாடு. எந்த மந்தத்திலும் மனிதன் காலையில் சாப்பிடுவான். அத்தோடு அந்தக் கம்பனியிடம் செலவழிக்கக் கையில் காசிருந்தது. ஐந்து சந்தியில் கடை வைத்திருப்பவர் இதைக் கேட்டுவிட்டுக் கடன் வாங்கி விளம்பரம் செய்தால், கடனும் மிஞ்சும் கடையும் போகும். கதையில் நமக்குரிய பங்கு ஒன்றுதான்: எல்லோரும் வாய்மூடி இருக்கும் நேரத்தில் பேசுபவனின் குரல் தூரம் போகும். அந்தக் குரலைக் குறைந்த செலவில் எப்படி எழுப்புவது என்பதே நமது கேள்வி.

சும்மா என்பது சும்மா அல்ல

2022 மார்ச் மாதத்தில் ரூபாவை அதன் போக்கில் விட்டார்கள். டொலர் ஒன்று 200 ரூபாவை அண்டியிருந்த நிலைமாறி மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம். உணவுப் பொருட்களில் மட்டும் அது 94.9 வீதம்.

டொலர் இல்லாததால் அச்சுத்தாள் வரவில்லை. அந்த மார்ச் மாதத்தில் 'தி ஐலண்ட்', 'திவயின' ஆகிய பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடுவதை நிறுத்தின. மேல் மாகாணத்தில் தாள் இல்லாமல் பாடசாலைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. பத்திரிகைகளின் பக்கம் குறைந்து விலை கூடியது. பக்கம் குறைந்தால் விளம்பரத்துக்கு இடம் குறையும். விலை கூடினால் வாசகர் குறைவார். துண்டுப்பிரசுரமும் அப்படித்தான். தாள், மை, தகடு எல்லாமே கப்பலில் வருபவை.

"அப்படியென்றால் பேஸ்புக்தான் நல்லது" என்று அவசரப்பட வேண்டாம். அங்கே ஒரு பதிவைப் பலர் கண்ணில் பட வைக்க வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும். நாளுக்கு 5 டொலர் வீதம் ஐந்து நாளைக்கு 25 டொலர் என்று வைப்போம். டொலர் 200 ரூபாவாக இருந்தபோது அது 5,000 ரூபா. 360 ஆனபோது அதே விளம்பரம், அதே ஐந்து நாள், 9,000 ரூபா. 2024, 2025 ஆம் ஆண்டுகளில் டொலர் 300 ரூபாவை அண்டி நின்றபோதும் 7,500 ரூபா. பத்திரிகைக்காரராவது நமது ஊர்க்காரர். நிலைமையைச் சொன்னால் கொஞ்சம் குறைப்பார், தவணை தருவார். கலிபோர்னியாவிலிருக்கும் கம்பனியிடம் அந்தப் பேச்சு நடக்காது. வங்கி அட்டையிலிருந்து காசு போய்விடும்.

அதற்கு மேல் மின்வெட்டு. 2022 மார்ச் 31 ஆம் திகதி நாட்டில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. கைத்தொலைபேசியில் சார்ஜ் இல்லாதவர் எந்தப் பதிவைப் பார்ப்பார்?

ஆக, பழைய விளம்பரமும் புதிய விளம்பரமும் ஒரே டொலரில்தான் தொங்குகின்றன. எது மலிவு என்று கேட்பதை விட, எந்த வேலைக்கு எது பொருந்தும் என்று கேட்பதே புத்தி.

மாறுவதும் மாறாததும்

நான் இரும்புச் சாமான், பெயின்ட், குழாய்ப் பொருட்கள் விற்பவன். 2021 இல் ஆயிரம் ரூபாவை அண்டியிருந்த ஒரு பை சீமெந்து 2022 நடுப்பகுதியில் மூவாயிரம் ரூபாவை எட்டியது. காலையில் சொன்ன விலையைப் பின்நேரம் சொல்ல முடியாத நாட்கள் இருந்தன. அந்த நேரத்தில் விலையைப் போட்டு நோட்டீஸ் அடித்தவர்கள் என்ன ஆனார்கள்? சுவரில் ஒட்டிய பசை காயுமுன் விலை பொய்யாகிவிட்டது. நோட்டீசைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "இதில் போட்டிருக்கிற விலைக்குத் தாருங்கள்" என்று வாடிக்கையாளர் நின்றால் முதலாளி என்ன பதில் சொல்வார்? கொடுத்தால் நட்டம், மறுத்தால் மானக்கேடு.

அதே நாட்களில் வட்ஸ்அப் ஸ்டேட்டசில் "இன்று சீமெந்து வந்திருக்கிறது, 40 பைதான், கடை 2 மணிவரை" என்று போட்டவருக்கு ஒரு சதமும் செலவில்லை. மறுநாள் அந்தச் செய்தி தானாக அழிந்தும் போனது. கடை வாசலில் கரும்பலகை வைத்துச் சோக்கட்டியால் எழுதியவருக்கும் அதே பலன்.

இதிலிருந்து ஒரு சூத்திரம் எடுக்கலாம். மாறுவதை வலையில் சொல்லுங்கள். மாறாததைச் சுவரில் சொல்லுங்கள். விலை, இருப்பு, திறக்கும் நேரம், புதிதாக இறங்கிய சாமான் ஆகியவை மாறுபவை. அவற்றுக்குக் கைத்தொலைபேசி பொருத்தம். கடையின் பெயர், இடம், எத்தனை வருடமாக இருக்கிறது, எந்தச் சாமானுக்குப் பேர்போனது ஆகியவை மாறாதவை. அவற்றுக்குப் பெயர்ப்பலகை, பத்திரிகை, வீட்டுச் சுவரில் வருடம் முழுவதும் தொங்கும் கலண்டர் பொருத்தம். பேஸ்புக் பதிவுக்கு ஆயுள் ஒன்றிரண்டு நாள். நல்ல பெயர்ப்பலகைக்குப் பத்து வருடம்.

மந்தத்திலும் கட்டங்கள் உண்டு. முதற்கட்டத்தில் சாமான் இல்லை. அப்போது இல்லாத சாமானுக்கு விளம்பரம் செய்யாமல், இருப்பதை மட்டும் சொல்ல வேண்டும். இரண்டாம் கட்டத்தில் சாமான் வந்துவிடும், மக்களிடம் காசிருக்காது. முழு வீட்டுக்கும் பெயின்ட் அடிக்க முடியாதவர் முன் சுவருக்கு மட்டும் அடிப்பார். புதுக் குழாய் மாட்ட முடியாதவர் ஒழுகுவதை நிறுத்தப் பார்ப்பார். அப்போது சின்ன ரின்னையும் திருத்தச் சாமானையும் விளம்பரப்படுத்த வேண்டும். மூன்றாவது, நிமிரும் காலம். சர்வதேச நாணய நிதியத்தின் கடனுதவி 2023 மார்ச்சில் அங்கீகரிக்கப்பட்ட பிறகு அது மெல்ல வந்தது. அந்த நேரத்தில் வாடிக்கையாளர் முதலில் தேடிப் போவது, மற்ற இரண்டு கட்டத்திலும் தன் கண்ணில் பட்ட கடையைத்தான்.

மரண அறிவித்தல் சொல்லும் பாடம்

யாழ்ப்பாணத்தில் விளம்பரம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய வெளியூர் நிபுணர் தேவையில்லை. மரண அறிவித்தலைப் பார்த்தால் போதும். 1959 இல் தொடங்கிய 'ஈழநாடு' காலத்திலிருந்து 1985 இல் வந்த 'உதயன்' காலம்வரை, பத்திரிகையைக் கையில் எடுத்ததும் பலர் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அச்சுத்தாள் வராமல், கோடு போட்ட கொப்பித் தாளிலும் இங்கே பத்திரிகை அச்சாகியது. அந்த நிலைமையிலும் மக்கள் பத்திரிகையைத் தேடி வாங்கினார்கள்.

இன்று ஒரு வீட்டில் மரணம் நடந்தால் என்ன செய்கிறார்கள்? ஊர்ப் பத்திரிகையில் அறிவித்தல் வருகிறது. மின்கம்பத்திலும் மதிலிலும் கண்ணீர் அஞ்சலி ஒட்டுகிறார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒழுங்கைக்குள் போகிறது. நமது பகுதியில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஜனாஸாவை அறிவிக்கிறது. அத்தோடு, 'லங்காசிறி' போன்ற இணையத்தளங்களிலும் அறிவித்தல் போடுகிறார்கள். ஏன் இத்தனை வழி? பிள்ளைகள் கனடாவில், சகோதரி பிரான்சில், பால்ய நண்பர் அடுத்த தெருவில். அடுத்த தெருவில் இருப்பவர் மதிலைப் பார்ப்பார். ரொறன்ரோவில் இருப்பவர் இணையத்தைப் பார்ப்பார். இணையம் வந்துவிட்டதே என்று மதிலில் ஒட்டுவதை யாரும் நிறுத்தவில்லை. செய்தி யாரைச் சேர வேண்டுமோ அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்து வழியைத் தெரிவு செய்கிறார்கள். துக்க வீட்டார் தெளிவாகச் செய்யும் இந்த வேலையை வியாபாரிகளாகிய நாம் ஏன் குழப்பிக்கொள்ள வேண்டும்?

காசு ஓரிடம், சாமான் ஓரிடம்

யாழ்ப்பாணத்து வியாபாரத்தில் பல ஊர்களில் இல்லாத ஒரு விசேஷம் உண்டு. இங்கே சாமான் எடுப்பவர் ஒருவர். காசு கொடுப்பவர் இன்னொருவர். கொக்குவிலில் தாய் தந்தையின் வீட்டுக்குக் குளியலறை கட்டுகிறார்கள் என்றால் காசு ஸ்காபரோவிலிருந்து வருகிறது. பூட்டிலிருந்து பூச்சுவரை தெரிவு செய்பவர் அங்கே இருக்கிறார். அவர் கண்ணுக்கு ஊர்ப் பத்திரிகை விளம்பரமும் படாது, ஓட்டோ ஒலிபெருக்கியும் கேட்காது. அவருக்கு இணையம் ஒன்றுதான் கடைவீதி. 2000களின் தொடக்கத்திலேயே 'கப்ருகா' என்ற இலங்கை நிறுவனம் இதைப் புரிந்துகொண்டது. வெளிநாட்டிலிருப்பவர் இணையத்தில் காசு கட்ட, இங்குள்ள உறவினர் வீட்டில் கேக்கும் பூவும் போய் இறங்கின.

மந்த காலத்தில் இந்த உண்மை இன்னும் கனக்கிறது. 2022 இல் ரூபா விழுந்ததும் ரூபாவில் உழைப்பவரின் கை சுருங்கியது. டொலரில் உழைப்பவரின் காசுக்கோ இங்கே கூடுதல் ரூபா கிடைத்தது. அந்த வருடம் வெளிநாட்டில் உழைப்போர் வங்கி வழியே அனுப்பிய பணம் ஏறக்குறைய 380 கோடி டொலராகக் குறைந்ததற்கு, வங்கி விலையும் வெளிச்சந்தை விலையும் வேறுபட்டதால் பலர் உண்டியல் வழியை நாடியது ஒரு முக்கிய காரணம். 2023 இல் அது ஏறக்குறைய 600 கோடியாக ஏறியது. அதாவது உள்ளூர்க் காசு வற்றிய காலத்திலும் வெளியூர்க் காசு வந்துகொண்டுதான் இருந்தது. அது யாருடைய கடைக்குப் போனது என்பதுதான் கேள்வி.

எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரத்தைச் சொல்கிறேன். கனடாவிலிருந்து ஒருவர் எங்கள் பக்கத்தில் போட்ட கதவுப்பூட்டுப் படத்தைப் பார்த்து வட்ஸ்அப்பில் விலை கேட்டார். அங்கே இரவு 8 மணி. இங்கே சுபஹுத் தொழுகை முடிந்து விடியற்காலை 5.30. உடனே பதில் போனது. ஆனால் அவர் அப்போதே காசு அனுப்பவில்லை. இரண்டு நாள் கழித்து அவருடைய மாமா சைக்கிளில் வந்து பூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது எத்தனை வருஷம் நிக்கும்? பழுதானால் மாத்தித் தருவியளோ?" என்று கேட்டார். அவர் போய் "கடை நல்லது" என்று சொன்ன பிறகுதான் காசு வந்தது.

இணையம் கதவைத் தட்டியது, மாமா திறந்துவிட்டார். மாமாவிடம் பெயர் கெட்டிருந்தால் பேஸ்புக்கில் எத்தனை டொலர் கொட்டியும் அந்தக் கதவு திறந்திராது. ஆகவே வெளிநாட்டு வாடிக்கையாளரைப் பிடிக்க இணையத்தில் செலவழிப்பவர், ஊரில் உள்ள அவருடைய மாமாவுக்கும் மாமிக்கும் கடையை அறிமுகப்படுத்த வேண்டும். அதற்குப் பெயர்ப்பலகை, ஊர்ப் பத்திரிகை, ஒரு கலண்டர், எல்லாவற்றுக்கும் மேலாக நாணயம் தேவை.

இரவல் நிலத்துக் கடை

முழு வியாபாரத்தையும் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் நடத்துபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அந்த நிலம் அவர்களுடையதல்ல. 2018 மார்ச்சில் திகன வன்செயலின்போது சமூக ஊடகங்கள் ஏறக்குறைய ஒரு வாரம் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகும் முடக்கினார்கள். 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, மக்கள் போராட்டம் நடந்த நேரத்தில், ஏறக்குறைய 15 மணித்தியாலம் முடக்கினார்கள். அரசாங்கம் மட்டுமல்ல, 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி அந்தக் கம்பனியின் சொந்தக் கோளாறினால் உலகம் முழுவதும் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் நின்றன. அன்றைக்கு வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கத்தை ஒரு கொப்பியிலும் எழுதி வைக்காதவர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இன்னொன்று, விளம்பரம் ஓடும் அதே தெருவில் வதந்தியும் ஓடும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உணவில் கருத்தடை மருந்து கலந்ததாகப் பொய்க்கதை பரவிக் கலவரமே நடந்தது. அது மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பிறகு சொன்னது. உண்மை நடந்து வருமுன் பொய் ஓடி முடித்துவிட்டது. 2019 இற்குப் பிறகு நமது கடைகளுக்குப் போக வேண்டாம் என்று நாட்டின் பல பகுதிகளில் இணையத்தில் பிரசாரம் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பிரசாரத்துக்குப் பேஸ்புக்கிலேயே பதில் எழுதி வென்ற கடைக்காரரை நான் காணவில்லை. நேரில் பழகிய வாடிக்கையாளர் நேரில் வந்ததுதான் பலரைக் காப்பாற்றியது.

இதை நமக்கு விடச் சொல்ல வேறு யார்? 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்திலிருந்து நாம் வெளியேற்றப்பட்டபோது கடையும் சாமானும் கடன்கொப்பியும் அங்கேயே நின்றுவிட்டன. 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்து கடை போட்டபோது பழைய பெயர்ப்பலகை இல்லை, பழைய கட்டடம் இல்லை. "உங்கட வாப்பாவிட்டத்தானே நாங்கள் வீடு கட்டச் சாமான் எடுத்தனாங்கள்" என்று சொல்லிக்கொண்டு வந்த மனிதர்கள் இருந்தார்கள். 12 வருடம் எந்த விளம்பரமும் இல்லாமல் ஒரு பெயர் உயிரோடு கிடந்தது. அப்படிக் கிடந்த பெயரைக் கொண்டுதான் பலர் மீண்டும் எழுந்தார்கள்.

என்ன செய்யலாம்?

முதலாவது, கணக்கு வையுங்கள். ஒரு கொப்பியில் ஐந்து கோடு போடுங்கள்: பழையவர், ஆள் சொல்லி வந்தவர், பலகை பார்த்து வந்தவர், பத்திரிகை பார்த்தவர், பேஸ்புக் பார்த்தவர். கடைக்கு வரும் புதிய முகத்திடம் "எப்படித் தெரியும்?" என்று ஒரு வார்த்தை கேட்டு ஒரு கோடு கிழியுங்கள். மூன்று மாதத்தில் எந்தச் செலவு காசாகிறது, எது கரைகிறது என்று உங்கள் கொப்பியே சொல்லும். லைக் விழுவதை வியாபாரமாக எண்ண வேண்டாம். லைக்கை வங்கியில் போட முடியாது.

இரண்டாவது, வாடிக்கையாளரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அவர் சம்மதத்தோடு சொந்தக் கொப்பியில் எழுதி வையுங்கள். பேஸ்புக் போனாலும் அது உங்களிடம் இருக்கும்.

மூன்றாவது, டொலர் கட்டிப் பதிவைப் பரப்புவதாக இருந்தால் ஊரைத் தெரிவு செய்யுங்கள். வீடு கட்டும் சாமான் விற்பவர் ரொறன்ரோவையும் லண்டனையும் தெரிவு செய்யலாம். மீனும் மரக்கறியும் விற்பவருக்கு அங்கே என்ன வேலை? அவருக்கு ஒலிபெருக்கியும் கரும்பலகையும் போதும். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டு உறவுகள் வந்திறங்கும் ஆகஸ்ட் மாதத்துக்கு முன் செலவழிக்கும் ஒரு ரூபா, வேறு மாதத்தில் செலவழிக்கும் ரூபாவை விடப் பெறுமதியானது.

நான்காவது, விளம்பரச் செலவைக் குறைக்க வேண்டி வந்தால் குறையுங்கள். அடியோடு நிறுத்த வேண்டாம். அரைப் பக்கம் போட்டவர் கால் பக்கம் போடட்டும். பெரிய கலண்டர் அடித்தவர் சின்னக் கலண்டர் அடிக்கட்டும். பெயின்ட் உரிந்த பெயர்ப்பலகையை முதலில் புதுப்பியுங்கள். உரிந்த பலகையைப் பார்ப்பவர் கடையே மூடப் போகிறது என்று நினைப்பார்.

கடைசியாக, சொன்ன விலைக்குக் கொடுங்கள். கொடுக்க முடியாத விலையைச் சுவரிலும் போட வேண்டாம், வலையிலும் போட வேண்டாம். மந்தம் இன்னும் வரும், போகும். டொலர் ஏறும், இறங்கும். கெட்ட காலத்தில் ஏமாற்றிய கடையையும் ஏமாற்றாத கடையையும் யாழ்ப்பாணத்து மனிதர் மறப்பதில்லை. பேரப்பிள்ளைகள்வரை சொல்லி வைப்பார்கள்.